பெரியாற்றைத் திருப்பிய பென்னிகுயிக்

மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகும் பெரிய சாலையில், மேலூரைத் தாண்டினால் கொட்டாம்பட்டி வரும். அந்த வழியில் பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கால்வாயில் தண்ணீர் வரும் காலத்தில் மேலூரைச் சுற்றிலும் வயல்கள் பச்சைப் பசேலென்று இருக்கும். வடக்கே கொட்டாம்பட்டியை நெருங்க நெருங்கக் காட்சி மாறும். செம்மண் மேடும் பாறையும் பனையும் கண்ணில் படும். மழையையும் கண்மாயையும் கிணற்றையும் நம்பிய நிலம் அது.

இரண்டும் ஒரே தாலுகா. வானமும் ஒன்றுதான். வித்தியாசம் எதனால்? ஒரு கால்வாயினால்.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் மேலூர்ப் பக்கமும் வானம் பார்த்த பூமியாகத்தான் இருந்தது. மழை பெய்தால் சோறு, பொய்த்தால் பட்டினி. அந்த நிலத்துக்கு ஏறத்தாழ நூறு மைலுக்கு அப்பாலிருந்து தண்ணீர் வந்தது. அதுவும் மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய ஆற்றின் தண்ணீர்! அதைத் திருப்பிக் கொண்டுவந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர். அவர் பெயர் ஜான் பென்னிகுயிக்.

ஓர் அணைக்கட்டைக் கட்டி முடிக்க என்னென்ன தடைகள் வரும், அவற்றை எப்படித் தாண்ட வேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே ஒரு பாடம்.

மலையின் இரண்டு பக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேல்புறத்தில் மழை கொட்டும். சிவகிரி மலையில் பிறக்கும் பெரியாறு அந்த மழைநீரைச் சேர்த்துக்கொண்டு மேற்கே ஓடி, அரபிக் கடலில் விழும். மலைக்குக் கிழக்கே உள்ள கம்பம் பள்ளத்தாக்கும் மதுரைச் சீமையும் மழைமறைவுப் பகுதி. அங்கே ஓடும் வைகை, ஆண்டில் பல மாதம் மணலாகவே கிடக்கும்.

ஒரு பக்கம் தண்ணீர் வீணாகக் கடலுக்குப் போகிறது. மறுபக்கம் குடிக்கவும் தண்ணீர் இல்லை. இடையில் நிற்பது ஒரு மலை. அந்த மலையைத் துளைத்துத் தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவர முடியாதா? இந்த எண்ணம் பென்னிகுயிக்குக்கு முன்பே பலருக்கு வந்தது.

நூறு ஆண்டுக் கனவு

முதலில் இதை நினைத்தவர் ஒரு தமிழர். ராமநாதபுரத்தை ஆண்ட முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. வைகையின் கடைசிப் பகுதி ராமநாதபுரம் சீமை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அந்த ஊர்களே. ஆகவே 1789-ஆம் ஆண்டில் அவர் இந்த யோசனையை ஆராய்ந்தார். செலவு கட்டுபடியாகாது என்று தெரிந்ததும் கைவிட்டார்.

பிறகு கம்பெனி ஆட்சி வந்தது. 1808-இல் கால்டுவெல் என்ற ராணுவ என்ஜினீயர் மலைக்குப் போய் அளந்து பார்த்தார். நூறு அடிக்கு மேல் ஆழமாக வெட்ட வேண்டியிருக்கும், இது வெறும் கற்பனை என்று எழுதிவிட்டார். திட்டம் தூங்கிற்று.

1850-இல் சிறிய அணை ஒன்று கட்ட முயன்றார்கள். காட்டில் காய்ச்சல் பரவியது. இந்த இடத்தில் இருப்பதானால் கூலி அதிகம் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அந்த வேலையும் நின்றது.

1860-களில் ரைவ்ஸ் என்ற அதிகாரி மீண்டும் திட்டம் தீட்டினார். அதன் பின் வேறு சிலர் அதைத் திருத்தினார்கள். திருத்தம் மேல் திருத்தம். காகிதம் மேல் காகிதம். ஆற்றில் ஒரு கல்கூட விழவில்லை.

எட்டு வயதுச் சிறுவன்

பென்னிகுயிக் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி பூனாவில் பிறந்தார். தந்தை ராணுவத்தில் பிரிகேடியர். அவர் பெயரும் ஜான் பென்னிகுயிக்தான்.

1849 ஜனவரி 13-ஆம் தேதி பஞ்சாபில் சில்லியன்வாலா என்ற இடத்தில் சீக்கியப் படைக்கும் ஆங்கிலப் படைக்கும் கடும் போர் நடந்தது. அந்தப் போரில் தந்தை இறந்தார். அதே படையில் இருந்த 17 வயது அண்ணன் அலெக்சாந்தரும் அதே நாளில் மடிந்தார். இன்னும் இரண்டே நாளில் சிறுவன் ஜானுக்கு எட்டு வயது நிறையப் போகிறது. பிறந்த நாள், வீட்டில் இரண்டு சாவுகளை அடுத்து வந்தது.

ஜான் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் பள்ளியில் படித்தார். பிறகு கம்பெனியாரின் ராணுவக் கல்லூரி இருந்த அடிஸ்கோம்பில் பயிற்சி பெற்றார். 1858-இல் சென்னை ராணுவ என்ஜினீயர் படையில் இடம் கிடைத்தது. 1860-இல் இந்தியாவுக்கு வந்தார். இடையில் 1868-இல் அபிசீனியப் படையெடுப்புக்கும் போய்வந்தார்.

அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தின் என்ஜினீயர்களுக்கு முன்னால் ஒரு பெரிய உதாரணம் இருந்தது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை வேலைகள் செய்து பெயர் பெற்ற ஆர்தர் காட்டன்தான் அவர். தண்ணீர் வேலை செய்தால் ஊர் பிழைக்கும், சர்க்காருக்கு வரியும் வரும் என்று காட்டியவர் அவர். பென்னிகுயிக் அந்த வழியில் வந்தவர். பெரியாற்றுத் திட்டத்தோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது 1868-இல். அப்போது அவருக்கு வயது 27. அது முடிந்தபோது வயது 54.

பஞ்சம் திறந்த கண்

1876-இல் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். சென்னை மாகாணம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மதுரைச் சீமையிலும் கஞ்சித் தொட்டியின் முன் கூட்டம் நின்றது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பெரியாற்றுத் திட்டத்தின் அவசியத்தைக் காட்டியது பஞ்சம். அதையே தள்ளிப்போட வைத்ததும் பஞ்சந்தான். நிவாரணத்துக்கே பணம் போதாதபோது அணைக்கு ஏது பணம்?

அதுவரை சர்க்கார் ஒரே கேள்வி கேட்டு வந்தது. போடும் பணத்துக்கு எவ்வளவு வரி திரும்பி வரும்? பஞ்சத்துக்குப் பிறகு இன்னொரு கேள்வியும் எழுந்தது. அணை இல்லாவிட்டால் எத்தனை பேர் சாவார்கள்?

1882-இல் திட்டத்தைப் புதிதாகத் தயாரிக்கும்படி பென்னிகுயிக்குக்கு உத்தரவு வந்தது. 1884-இல் அவர் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டது.

மண் அணையா, கல் அணையா?

முன்பு இருந்தவர்கள் பெரும்பாலும் மண் அணையைத்தான் யோசித்தார்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு. பாதி கட்டிய மண் அணையின் மேல் வெள்ளம் ஏறினால், அணை கரைந்து போகும். பெரியாற்றில் ஆண்டுக்கு இரண்டு பருவமழை. வெள்ளம் ஏறாமல் இருக்காது.

பென்னிகுயிக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அணை கட்டத் தீர்மானித்தார். அப்படிக் கட்டினால், பாதியில் வெள்ளம் வந்து மேலே ஓடினாலும் கட்டிய பகுதி நிற்கும்.

சிமெண்டைச் சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்து மலை ஏற்றினால் செலவு தாங்காது. ஆகவே இந்த நாட்டுக் கொத்தனார்களுக்குப் பழக்கமான சாந்தையே அவர் எடுத்துக்கொண்டார். சுண்ணாம்போடு செங்கல் தூளைச் சேர்த்தால் அது சுர்க்கி. சுர்க்கிச் சாந்து தண்ணீரிலும் இறுகும். அணையின் உள்பகுதி சுர்க்கியும் ஜல்லியும் சேர்ந்த காரை. இரண்டு முகமும் கல் கட்டடம்.

அஸ்திவாரத்திலிருந்து 176 அடி உயரம். நீளம் சுமார் 1,200 அடி. அடியில் 138 அடி அகலம். உச்சியில் 12 அடி. அந்தக் காலத்துக்கு இது மிகவும் துணிச்சலான வேலை.

999 ஆண்டுக் குத்தகை

திட்டம் தயார். ஆனால் அணை கட்ட வேண்டிய இடம் சென்னை மாகாணத்தில் இல்லை. அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தண்ணீர் தேவைப்பட்டவர்கள் ஓர் ஆட்சியின் கீழ்; தண்ணீர் இருந்த காடு இன்னோர் ஆட்சியின் கீழ். பேச்சு பல ஆண்டுகள் நீண்டது.

கடைசியில் 1886 அக்டோபர் 29-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. திருவிதாங்கூர் மகாராஜாவின் சார்பில் திவான் ராமய்யங்காரும், ஆங்கில சர்க்காரின் சார்பில் ரெசிடெண்ட் ஹானிங்டனும் கையெழுத்திட்டார்கள். 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுக்குக் குத்தகை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் வாடகை.

இரண்டு ஆட்சிகளுக்கு நடுவில் ஒரு ஆறு ஓடினால் இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. காவிரியில் மேட்டூர் அணையும் இப்படித்தான். 1924-இல் மைசூரோடு ஒப்பந்தம் ஆன பிறகே, 1925-இல் வேலை தொடங்கி 1934-இல் முடிந்தது. கல்லை அடுக்குவதற்கு முன்னால் கையெழுத்தை வாங்க வேண்டியிருக்கிறது.

காட்டில் ஒரு முகாம்

1887-இல் வேலை ஆரம்பமாயிற்று. இனிமேல்தான் உண்மையான கஷ்டம்.

அணை கட்டும் இடம் கடல் மட்டத்துக்கு மேல் மூவாயிரம் அடி உயரத்தில் இருந்த அடர்ந்த காடு. யானையும் புலியும் திரியும் இடம். அட்டையும் கொசுவும் கணக்கில்லை. பக்கத்தில் ஊர் இல்லை, கடை இல்லை, வைத்தியர் இல்லை. ரயிலில் வந்த சாமான்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் பல நாள் பயணம் செய்து கூடலூர் வரும். பிறகு மலை ஏற வேண்டும்.

மலை ஏற்றுவதற்கு இரும்புக் கம்பி வடம் கட்டி, அதில் சாமான்களைத் தொங்கவிட்டு இழுத்தார்கள். கல் அங்கேயே கிடைத்தது. சுண்ணாம்பைக் கீழேயிருந்து கொண்டுவந்தார்கள். அரிசி, பருப்பு, மிளகாய், புகையிலை, வெற்றிலை எல்லாமே கீழேயிருந்து வர வேண்டும். சோறு வராத நாளில் வேலை நடக்காது. ஆகவே என்ஜினீயரின் கவலையில் பாதி, சாப்பாட்டைப் பற்றிய கவலை.

ஆட்கள் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் சமவெளி ஊர்களிலிருந்தும் கூலிக்கு வந்தார்கள். சென்னைப் படையின் பயோனியர் பட்டாளங்களும் வந்தன. ஆற்றுக்குக் குறுக்கே தற்காலிகத் தடுப்புகள் அமைக்க, கொச்சியிலிருந்து போர்த்துக்கீசியத் தச்சர்கள் வந்தார்கள்.

வந்தவர்களைக் காய்ச்சல் பிடித்தது. மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதை அப்போது யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1897-இல்தான் அது தெரிந்தது. கெட்ட காற்றினால் வரும் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். காலரா பயமும் இருந்தது. காய்ச்சல் கடுமையான மாதங்களில் ஆட்கள் முகாமை விட்டு மலையிறங்கிவிடுவார்கள். மீண்டும் ஆள் சேர்த்து வேலையைத் தொடங்க வேண்டும்.

நோயினால் மட்டும் 483 பேர் இறந்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. அணைக்கு வடக்கே, காட்டுக்குள் அவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது.

அடித்துக்கொண்டு போன வெள்ளம்

ஆற்றில் அணை கட்ட வேண்டுமானால் முதலில் ஆற்றை ஒதுக்க வேண்டும். அடிப்பாறையைக் கண்ணால் பார்த்து, சுத்தம் செய்து, அதன் மேல் கல்லை வைக்க வேண்டும். இதற்காகத் தற்காலிகத் தடுப்பு கட்டித் தண்ணீரை ஒரு பக்கமாகத் திருப்புவார்கள்.

பெரியாறு அந்தத் தடுப்பை மதிக்கவில்லை. மலையில் ஒரு பெருமழை, அவ்வளவுதான். மரமும் மண்ணும் மூட்டையும் சேர்ந்து போய்விடும். மாதக் கணக்கில் செய்த வேலை ஒரே இரவில் மறைந்துவிடும். வெள்ளம் வடிந்ததும் மறுபடி தொடங்குவார்கள். மறுபடி வெள்ளம் வரும். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை அல்ல. பல தடவை இது நடந்தது.

மேலே இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. இது முடியுமா? இன்னும் எவ்வளவு பணம் ஆற்றோடு போகும்? தொலைவில் காகிதத்தைப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு வெள்ளமும் ஒரு நஷ்டக் கணக்கு.

பென்னிகுயிக் அதே வெள்ளத்தை வேறு விதமாகப் பார்த்தார். தடுப்பு எந்த இடத்தில் உடைந்தது? ஏன் உடைந்தது? அடுத்த தடவை எங்கே பலப்படுத்த வேண்டும்? காய்ந்த மாதங்களுக்குள் எவ்வளவு உயரம் கட்டினால், அடுத்த வெள்ளம் அதன் மேல் ஓடினாலும் கல் நிற்கும்? இப்படிக் கணக்கிட்டு, ஒவ்வொரு பருவத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். அடிப்பகுதி நீர்மட்டத்துக்கு மேலே எழுந்ததும், ஆறு மனிதனுக்கு வழி விட்டது.

நகை விற்ற கதை

கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரைப் பக்கத்திலும் ஒரு கதை எல்லாருக்கும் தெரியும். வெள்ளத்தில் அணை போனதும் சர்க்கார் பணம் தர மறுத்துவிட்டதாம். பென்னிகுயிக் இங்கிலாந்துக்குப் போய்ச் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொண்டுவந்து அணையை முடித்தாராம். பாட்டிமார் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை இது. மேடைகளிலும் சொல்லுகிறார்கள்.

ஆனால் சர்க்கார் பதிவுகள் காட்டுவது வேறு. இது முழுவதும் அரசாங்கப் பணத்தில் நடந்த வேலை. முதலில் போட்ட மதிப்பு சுமார் 62 லட்சம் ரூபாய். முடிவில் செலவு 80 லட்சத்தைத் தாண்டிற்று. ஒரு தனி மனிதரின் வீட்டை விற்றும் மனைவியின் நகையை விற்றும் கட்டக்கூடிய அணை அல்ல அது.

அப்படியானால் மக்கள் ஏன் அந்தக் கதையை நம்புகிறார்கள்? காரணம் இருக்கிறது. அஸ்திவாரக் கல்லோடு நின்ற பாலங்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் வராத கால்வாய்களையும் பார்த்திருக்கிறார்கள். பொதுப் பணத்தில் தொடங்கிய வேலை, சொன்னபடி முடிந்து, தண்ணீர் வயலுக்கு வந்து சேர்ந்தால், அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் தம் சொத்தையே கொடுத்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது.

பென்னிகுயிக் கொடுத்தது பணம் அல்ல, ஆண்டுகள். திட்டம் எழுதியவரே வேலையையும் ஏற்றார். வெள்ளம் வந்தபோது பழியை வேறொருவர் தலையில் போட்டுவிட்டு மாறிப் போகவில்லை. பணம் கொடுத்தவர்களிடம் வாதாடி மேலும் பணம் வாங்கினார். மேல் பதவிக்கு உயர்ந்து மராமத்து இலாகாவின் தலைமை என்ஜினீயர் ஆன பிறகும், பெரியாற்றைக் கைவிடவில்லை. நகைக் கதையைவிட இது பெரிய விஷயம்.

மலைக்குள் ஒரு வாசல்

அணை மட்டும் போதாது. தேங்கிய தண்ணீர் கிழக்கே வர வேண்டுமே! இதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள்.

அணை கட்டியதும் ஆற்றுநீர் ஏரியாகப் பரவிற்று. அந்த ஏரியின் ஒரு கை தேக்கடிப் பக்கம் மலைமுகட்டை நெருங்கிற்று. அங்கே மலையைத் திறந்து வெட்டி, பிறகு பாறைக்குள் சுரங்கம் குடைந்தார்கள். சுரங்கத்தின் நீளம் 5,700 அடிக்கும் மேல். அதாவது ஒரு மைலைத் தாண்டியது. அகலம் 12 அடி, உயரம் ஏழரை அடி. பாறையைத் துளைத்து, வெடிமருந்து வைத்துப் பிளந்து, அடி அடியாக முன்னேறினார்கள்.

ஏரியின் நீர் ஓர் உயரத்துக்கு வந்தால்தான் சுரங்கத்துக்குள் நுழையும். அணையில் 104 அடிக்குக் கீழே உள்ள தண்ணீர் இந்தப் பக்கம் வராது. அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று மதுரை விவசாயிகள் இன்றும் ஆவலோடு கேட்பதற்கு அதுதான் காரணம்.

சுரங்கத்தைத் தாண்டிய தண்ணீர் மலையிலிருந்து இறங்கி வைரவனாற்றில் விழும். பிறகு சுருளியாறு, அதன் பிறகு வைகை. வைகையில் பேரணை என்ற இடத்தில் மதகு வைத்துத் தண்ணீரைப் பெரியாறு பிரதானக் கால்வாயில் திருப்பினார்கள். அந்தக் கால்வாய் அழகர் மலை அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு மேலூர்ப் பக்கம் வருகிறது.

தண்ணீர் வந்தது

1895 அக்டோபரில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு திட்டத்தைத் திறந்துவைத்தார். முத்திருளப்ப பிள்ளை நினைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் 106 ஆண்டுகள். அதில் வேலை நடந்தது எட்டே ஆண்டு. மீதி ஆண்டுகளைத் தின்றவை யோசனையும் தயக்கமும் கடிதப் போக்குவரத்தும்தான்.

மேற்கே போன ஆறு கிழக்கே வந்தது. மேலூர்ச் சீமையில் கம்பும் கேழ்வரகும் விளைந்த நிலம் நெல் வயலாயிற்று. பேரணை முதல் கள்ளந்திரி வரை சுமார் 45,000 ஏக்கர் இருபோகம். கள்ளந்திரிக்கு அப்பால் குறிச்சிப்பட்டி வரை ஒருபோகம். கால்வாய் தொட்ட ஊர்களில் பிழைக்க வெளியூர் போவது குறைந்தது. கால்வாய் எட்டாத மேட்டு நிலத்தில் பழைய வாழ்க்கையே தொடர்ந்தது. ஒரு திட்டம் எவ்வளவு பெரிதானாலும், அதற்கு ஒரு கடைமடை இருக்கத்தான் செய்கிறது. மழை குறைந்த ஆண்டுகளில் முதலில் காய்வது அந்தக் கடைமடைதான்.

பிற்காலம்

பென்னிகுயிக்குக்கு 1895-இல் சி.எஸ்.ஐ. என்ற பட்டம் கிடைத்தது. 1896-இல் இந்தியாவை விட்டுப் போனார். இந்தியாவுக்கு வரும் என்ஜினீயர்களுக்குப் பயிற்சி தரும் கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்குத் தலைவராக 1899 வரை இருந்தார். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவுக்குப் போய், பிரிஸ்பேன் ஆற்றின் வெள்ளத்தைத் தடுக்க யோசனை சொன்னார். வெள்ளத்தைப் பற்றி அவரைவிட அதிகம் பட்டறிந்தவர் யார்?

அவருடைய மனைவி பெயர் கிரேஸ் ஜார்ஜியானா. 1879-இல் திருமணம் நடந்தது. ஐந்து பெண்களும் ஒரு மகனும் பிறந்தார்கள். அணை வேலை நடந்த ஆண்டுகளில்தான் அந்தக் குழந்தைகளும் வளர்ந்தார்கள்.

1911 மார்ச் 9-ஆம் தேதி இங்கிலாந்தில் கேம்பர்லியில் பென்னிகுயிக் காலமானார். ஃப்ரிம்லி என்ற ஊரின் மாதா கோவில் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்றும் நிற்கும் அணை

இந்தியா சுதந்திரம் பெற்றது. திருவிதாங்கூர் கேரளத்தோடு சேர்ந்தது. 1950-களின் இறுதியில் பெரியாற்றுத் தண்ணீர் மலையிறங்கும் இடத்தில் மின்சாரமும் எடுக்கத் தொடங்கினார்கள். 1970-இல் குத்தகைப் பணம் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது.

1979-இல் அணையின் பலத்தைப் பற்றிக் கேரளத்தில் அச்சம் எழுந்தது. நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைத்தார்கள். அணையைப் பலப்படுத்தும் வேலைகளும் நடந்தன. அணைக்குக் கீழே வாழ்பவர்களுக்கு உயிரைப் பற்றிய பயம். இந்தப் பக்கம் வாழ்பவர்களுக்குப் பயிரைப் பற்றிய பயம். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 142 அடி வரை தேக்கலாம் என்று 2006-இல் தீர்ப்பு வந்தது. 2014 மே 7-ஆம் தேதி வந்த தீர்ப்பும் அதையே உறுதி செய்தது. கட்டி முடித்த அணையைக் காப்பதும் கட்டுவதைப் போலவே பொதுவேலைதான். அதற்கும் இரண்டு பக்கத்தாரின் நம்பிக்கை வேண்டும்.

பெரியாற்றுத் தண்ணீரால் இன்று தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய 5 மாவட்டங்கள் பயன் பெறுகின்றன. முத்திருளப்ப பிள்ளையின் சீமையும் அதில் ஒன்று.

கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுயிக்கின் படம் சாமி படங்களோடு தொங்கும் வீடுகள் உண்டு. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. தேனி பஸ் நிலையத்துக்கு அவர் பெயர். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் கட்டி, 2013 ஜனவரி 15-இல் திறந்தார்கள். அவர் பிறந்த நாள் பொங்கல் சமயத்தில் வருகிறது. அன்று தேனிப் பக்கத்து ஊர்களில் அவர் பேரில் பொங்கல் வைக்கிறார்கள். புது நெல் விளைந்த வீட்டில், தண்ணீர் கொடுத்தவரை நினைப்பது நியாயமே.

அந்தப் பொங்கல் பானையில் இன்னும் பலருக்குப் பங்கு உண்டு. முதலில் நினைத்த பிரதானிக்கு உண்டு. கல் சுமந்தவர்களுக்கும், சுண்ணாம்பு அரைத்தவர்களுக்கும், வண்டி ஓட்டியவர்களுக்கும், சுரங்கத்தில் வெடி வைத்தவர்களுக்கும் உண்டு. மலைக் காட்டில் காய்ச்சலில் கிடந்து இறந்த 483 பேருக்கும் உண்டு. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்தத் தெருவுக்கும் இல்லை. பேரணையில் மதகு திறக்கும்போது, மேலூர் வயலுக்கு வந்து சேருவது அவர்களுடைய உழைப்பும்தான்.